பள்ளி நூலகர் யாருடன் சேர்ந்து வேலை செய்வது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

பள்ளி நூலகர் தனியாகவே செய்து முடிக்கக்கூடிய வேலைகள் பல. புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது, வகைப்படுத்துவது, எண் ஒட்டி அடுக்குவது, இரவல் பதிவது, இருப்புச் சரிபார்ப்பது என்று அந்தப் பட்டியலே ஒரு நாளை நிரப்பிவிடும். ஆனால் இரவல் போன புத்தகத்திலிருந்து மாணவர் எதைக் கற்றார் என்பது பெரும்பாலும் நூலகத்துக்கு வெளியேதான் தீர்மானமாகிறது. ஆசிரியர் கொடுத்த ஒப்படைப்பு எப்படிப்பட்டது, வீட்டில் வாசிப்பதற்கு இடம் உண்டா, விடுமுறையில் புத்தகம் கையில் கிடைக்குமா என்பவையெல்லாம் நூலகரின் கைக்கு நேரடியாக எட்டாதவை. அவற்றை எட்ட வேண்டுமானால் பிறருடன் சேர்ந்துதான் ஆக வேண்டும்.

இதுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 1999இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கையே, நூலகரும் ஆசிரியரும் இணைந்து பணியாற்றும்போது மாணவர்களின் எழுத்தறிவும் வாசிப்பும் கற்றலும் சிக்கல் தீர்க்கும் திறனும் உயர்கின்றன என்று சொல்கிறது. அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கத்தின் தற்போதைய தர வரையறை, நூலகப் பணியின் ஆறு அடித்தளங்களில் ஒன்றாகவே கூட்டுச் செயல்பாட்டை வைக்கிறது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. திட்டமிடுவதற்கென்று வாரத்தில் சில மணி நேரமே வாய்க்கும் நூலகர் அதை முதலில் யாருக்குச் செலவிடுவது? எல்லா வகுப்புகளுக்கும் நூலகப் பாடவேளை நடத்துவதா, ஆசிரியர்கள் கேட்பதைத் தேடித் தருவதா, ஓர் ஆசிரியருடன் உட்கார்ந்து ஒரு பாடத்தை முழுமையாகக் கட்டுவதா, பொது நூலகத்தின் கதவைத் தட்டுவதா, பெற்றோரையும் ஊராரையும் உள்ளே அழைப்பதா? நூலகர்கள் மட்டுமன்றி, அவர்களுடைய நேரத்தை வகுத்துத் தர வேண்டிய தலைமை ஆசிரியர்களும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐந்தையும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஆண்டில் ஐந்தையும் தொடங்கும் நூலகரிடம் ஆண்டு முடிவில் நிகழ்ச்சிப் படங்கள்தான் மிஞ்சும்.

## எதை வைத்து அளப்பது

வழிகளை அடுக்குவதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வழியும் தனக்குச் சாதகமான அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்.

முதலாவது, வீச்சு. ஓராண்டில் எத்தனை மாணவர்களை அந்த வழி தொடும்?

இரண்டாவது, ஆழம். மாணவரின் தேடலில் எந்தக் கட்டத்தில் நூலகர் நுழைகிறார் என்பதே இதற்கான சோதனை. கேரல் குல்தாவ் தம் ஆய்வுகளில் தகவல் தேடலைத் தொடக்கம், தலைப்புத் தேர்வு, துழாவல், குவிமையம் உருவாதல், திரட்டல், வழங்கல் என ஆறு கட்டங்களாகக் காட்டினார். அவற்றில் துழாவல் கட்டத்தில்தான் குழப்பமும் ஐயமும் உச்சத்தில் இருக்கும் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. பள்ளிகளில் நூலகருக்குப் பொதுவாகக் கிடைப்பதோ ஐந்தாவது கட்டமான திரட்டல். மாணவர் தடுமாறும் இடத்தில் உதவ யாரும் இல்லை. தடுமாற்றம் ஒருவழியாக முடிந்த பிறகு புத்தகம் எடுத்துக் கொடுக்க மட்டும் ஒருவர் இருக்கிறார்.

மூன்றாவது, கணக்கில் வராத நேரம். கால அட்டவணையில் தெரியும் பாடவேளையைவிட, தெரியாத பேச்சும் படிவமும் நினைவூட்டலும் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன?

நான்காவது, நிலைப்பு. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரோ தன்னார்வலரோ இடம் மாறிப் போனால், அந்த ஏற்பாடு அடுத்த ஆண்டும் இருக்குமா?

ஐந்தாவது, விடுபடுவோர் யார். பேசத் தயங்கும் மாணவர், வீட்டில் இணையம் இல்லாதவர், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை ஆகியோர் இந்த வழியில் உள்ளே வருகிறார்களா, வெளியே நிற்கிறார்களா?

இரவல் எண்ணிக்கையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது நூலகம் பயன்பாட்டில் இருக்கிறது என்பதைக் காட்டும். கூட்டுச் செயல்பாடு எதைச் சாதித்தது என்பதைக் காட்டாது.

ஆய்வுச் சான்றுகளைப் பற்றி ஒரு சொல். கீத் கரி லான்ஸ் குழுவினர் 1993இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும், பின்னர் வேறு மாநிலங்களில் அதே வழியில் நடந்த ஆய்வுகளிலும், நல்ல பணியாளர்களும் சேகரிப்பும் உள்ள நூலகங்களைக் கொண்ட பள்ளிகளில் மாணவர்களின் வாசிப்புத் தேர்ச்சி உயர்ந்திருப்பது தெரிந்தது. அவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். இதனால்தான் அது விளைந்தது என்று நிறுவுபவை அல்ல. நிர்வாகத்திடம் நேரம் கேட்கும்போது இவற்றைக் காட்டலாம். ஆனால் ஐந்து வழிகளில் எது உங்கள் பள்ளிக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை தேட முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | வீச்சு | ஆழம் | கணக்கில் வராத நேரம் | நிலைப்பு | விடுபடுவோர் |
|---|---|---|---|---|---|
| வாராந்திர நூலகப் பாடவேளை | மிகப் பரந்தது | குறைவு | குறைவு. ஆனால் அட்டவணையே நிரம்பிவிடும் | உறுதி | கிட்டத்தட்ட யாரும் இல்லை |
| கேட்டதைத் தேடித் தருதல் | கேட்கும் ஆசிரியரின் மாணவர் மட்டும் | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் | ஆளைப் பொறுத்தது | கேட்காத ஆசிரியரின் மாணவர் |
| இணைந்து திட்டமிட்டுக் கற்பித்தல் | குறுகியது | மிக ஆழம் | மிக அதிகம் | எழுதி வைத்தால் நிற்கும் | மற்ற வகுப்புகள் |
| பொது நூலகக் கூட்டு | பரந்தது | நடுத்தரம் | தொடக்கத்தில் அதிகம் | நல்லது | தொலைவில் வசிப்போர் |
| பெற்றோர், ஊரார் | மாறுபடும் | நிகழ்ச்சியைப் பொறுத்தது | மிக அதிகம் | பலவீனம் | வர முடியாத பெற்றோரின் பிள்ளைகள் |

அட்டவணை ஐந்தையும் சமமாக நிறுத்திக் காட்டுகிறது; நடைமுறையில் அவை சமமானவை அல்ல.

## வழி 1: வாராந்திர நூலகப் பாடவேளை

எல்லா வகுப்புகளுக்கும் வாரம் ஒரு பாடவேளை. நூலகர் கதை சொல்கிறார், புத்தகங்களை அறிமுகப்படுத்துகிறார், இரவல் தருகிறார். நூலகத் துறைக்குள் இதைக் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. தேவைக்கேற்ப வகுப்புகள் வந்துபோகும் நெகிழ்வான அட்டவணையே கூட்டுச் செயல்பாட்டுக்கு உகந்தது என்பது அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. நிலையான பாடவேளை பல பள்ளிகளில் வகுப்பாசிரியருக்கு ஓய்வு தரும் ஏற்பாடாகவே இயங்குகிறது: வகுப்பை நூலக வாசலில் விட்டுவிட்டு ஆசிரியர் திருத்தும் வேலைக்குப் போய்விடுவார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்கவே மாட்டார்கள் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட ஏற்பாட்டில் கூட்டு எங்கிருந்து வரும்?

மறைந்திருக்கும் செலவும் அங்கேதான். இருபது பிரிவுகள் உள்ள பள்ளியில் வாரத்துக்கு நாற்பது பாடவேளைகள் என்றால் பாதி நேரம் இதற்கே போய்விடுகிறது. விடுப்பில் உள்ள ஆசிரியருக்குப் பதிலாக நூலகரை வகுப்புக்கு அனுப்பும் வழக்கமும் இருந்துவிட்டால், மிச்சமுள்ள பாதியும் கரைந்துவிடும்.

இருந்தும் இதை முற்றிலும் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் ஐந்தாவது அளவுகோல். தானாக நூலகத்துக்கு வராத மாணவரையும் வாரம் தவறாமல் உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு இது ஒன்றுதான். எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதில் உள்ள சிறிய வகுப்புகளுக்கு, புத்தகத்தை எடுப்பதும் திருப்புவதும் மறுவாரம் வேறொன்றை எடுப்பதும் ஒரு பழக்கமாக ஊன்ற வேண்டும். பழக்கத்துக்கு ஒழுங்கான இடைவெளி வேண்டும். மேல் வகுப்புகளில் இந்தத் தேவை குறைந்து, பாடத்தோடு இணைந்த தேடலின் தேவை கூடுகிறது. ஆகவே தொடக்க வகுப்புகளுக்கு நிலையான பாடவேளை, மேல் வகுப்புகளுக்கு நெகிழ்வான நேரம் என்று அட்டவணையைப் பிரிப்பதே பல பள்ளிகளுக்குப் பொருத்தமாக அமையும்.

## வழி 2: கேட்டதைத் தேடித் தருதல்

"அடுத்த வாரம் மின்காந்தம் நடத்துகிறேன், ஏதாவது புத்தகங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள்." ஆசிரியர் கேட்கிறார், நூலகர் பதினைந்து நூல்களைத் தனித் தட்டில் வைக்கிறார், இரண்டு காணொளிகளையும் ஒரு நம்பகமான வலைத்தளத்தையும் குறித்துக் கொடுக்கிறார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வகுத்த நான்காம் விதியின் நேரடியான செயல்வடிவம் இது. ஆசிரியருக்கும் உடனே பயன் தெரிவதால் நம்பிக்கை வளரும்.

இதன் எல்லையும் தெளிவானது. ஒப்படைப்பின் கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட பிறகுதான் நூலகர் உள்ளே வருகிறார். கேள்வி மோசமாக இருந்தால், நல்ல புத்தகங்கள் அந்த மோசமான கேள்விக்கு அழகான விடையைத் தருவதில் போய் முடியும். நூலகர் வேகமாகவும் நன்றாகவும் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, எடுத்துக் கொடுப்பவர் என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிடும் ஆபத்தும் உண்டு. கேட்கும் ஆசிரியர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான். கேட்காதவர்களின் மாணவர்களுக்கு நூலகம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

புதிதாகப் பள்ளியில் சேர்ந்த நூலகருக்கு இதுவே சரியான தொடக்கம். ஒரு பருவம் இதைச் செய்தால் எந்தப் பாடம் எந்த மாதத்தில் வருகிறது, எந்த ஆசிரியர் புத்தகத்தை உண்மையிலேயே வகுப்பில் பயன்படுத்துகிறார், யார் வாங்கி மேசையில் வைத்துவிட்டு அப்படியே திருப்பித் தருகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த அறிவில்லாமல் மூன்றாம் வழிக்குப் போகக் கூடாது.

## வழி 3: இணைந்து திட்டமிட்டு, இணைந்து கற்பித்தல்

ஆசிரியர்–நூலகர் கூட்டை 2005இல் நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார் பட்ரீசியா மோன்டியெல்-ஓவரால்: நேரத்தையும் நிகழ்ச்சிகளையும் ஒருங்கிணைப்பது, வேலையைப் பங்கிட்டு ஒத்துழைப்பது, ஒரு பாட அலகை இருவரும் ஒன்றாகத் திட்டமிட்டுக் கற்பித்து மதிப்பிடுவது, பள்ளியின் பாடத்திட்டம் முழுவதிலும் அதைச் செய்வது. வழி 1 முதல் நிலையைத் தாண்டுவது அரிது. வழி 2 இரண்டாம் நிலையில் நிற்கும். மூன்றாம் நிலைக்கு வந்தால்தான் நூலகரின் கை ஒப்படைப்பின் கேள்வியைத் தொடுகிறது. என் கணிப்பில் மற்ற எல்லா வேறுபாடுகளும் இதற்கு அடுத்தபடிதான்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். "நீர் மாசுபாடு பற்றி நான்கு பக்கம் எழுதி வருக" என்பது ஏழாம் வகுப்பு அறிவியல் ஒப்படைப்பு. முப்பது மாணவர்கள் எழுதி வருவார்கள். தேடுபொறியில் முதலில் வந்த பக்கத்தின் முப்பது பிரதிகள் வந்து சேரும். இதில் நூலகர் எத்தனை புத்தகம் எடுத்துக் கொடுத்தாலும் விளைவு மாறாது. விடை ஏற்கெனவே ஏதோ ஒரு பக்கத்தில் முழுமையாக இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் பார்த்து எழுதினால் போதும் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. திட்டமிடும் மேசையில் நூலகரும் இருந்தால் கேள்வியை இப்படி மாற்றலாம்: "உனக்குத் தெரிந்த ஒரு நீர்நிலையை எடுத்துக்கொள். அதைக் கெடுக்கும் காரணங்களில் எது பெரியது என்று நீ கருதுகிறாய்? உன் கருத்தை ஏற்காத ஒருவரிடம் எந்த ஆதாரத்தைக் காட்டுவாய்?" இதற்கு ஆயத்த விடை எந்தப் பக்கத்திலும் இல்லை.

கேள்வி மாறியதும் வாரத் திட்டமும் மாறுகிறது. முதல் வாரம் ஆசிரியர் அடிப்படை அறிவியலை நடத்துகிறார். நூலகத்தில் புத்தகங்களும் செய்தித் துணுக்குகளும் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் குறிப்பெடுக்க அனுமதி இல்லை, புரட்டிப் பார்ப்பதுதான் வேலை. துழாவல் கட்டத்தில் மாணவர் முழு வாக்கியங்களாகக் குறிப்பெடுக்கத் தொடங்கினால் அந்த வாக்கியங்களே இறுதிக் கட்டுரையில் வந்து உட்கார்ந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. இரண்டாம் வாரம் ஒவ்வொரு மாணவருடனும் மூன்று நிமிடம் தனியாகப் பேச வேண்டும்: நீ எந்த நீர்நிலையை எடுத்தாய், எதைக் காரணமாக நினைக்கிறாய், ஏன்? முப்பது பேருக்குத் தொண்ணூறு நிமிடம், அதாவது இரண்டு பாடவேளைகள். ஒருவர் உட்கார்ந்து பேச, மற்றவர் மிச்சமுள்ள வகுப்பைக் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு பெரியவர்கள் ஏன் வேண்டும் என்று கேட்கும் நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கே பதில்.

மூன்றாம் வாரம் ஆதாரங்களை எடைபோடுவது. இங்கே நூலகர் முன்னின்று நடத்துகிறார். சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரு வலைத்தளத்துக்குள்ளேயே நின்று அதன் தோற்றத்தையும் பெயரையும் வைத்து முடிவு செய்து பல நேரங்களில் ஏமாந்தார்கள். தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தத் தளத்தை விட்டு வெளியேறி, வேறு டேப்களைத் திறந்து, அதை நடத்துவது யார் என்று மற்றவர்கள் சொல்வதைப் பார்த்தார்கள். வெளியே போய்ப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத் தனி வகுப்பாக, பாடத்தோடு தொடர்பில்லாமல் நடத்தினால் மாணவர் மறந்துவிடுவார். தன் நீர்நிலையைப் பற்றி ஒரு தொழிற்சாலையின் வலைத்தளம் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி கையில் இருக்கும்போது நடத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

மாணவரிடம் ஓர் ஆதாரக் குறிப்பேடு இருக்கும்; மூன்றே பத்திகள்: எங்கே பார்த்தேன், என்ன கிடைத்தது, ஏன் நம்புகிறேன் அல்லது நம்பவில்லை. மூன்றாம் பத்தியில் "இணையத்தில் இருந்தது" என்று எழுதியிருந்தால், அடுத்த வகுப்பில் எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது நூலகருக்குத் தெரிந்துவிடும். மொத்த மதிப்பெண் இருபது என்றால் அதில் ஐந்து இந்தக் குறிப்பேட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும், அந்த ஐந்தை நூலகரே இட வேண்டும். மதிப்பெண் இல்லாத குறிப்பேட்டை மாணவர்கள் கடைசி இரவில் ஒரே பேனாவில், ஒரே கையோட்டத்தில் நிரப்பிக் கொண்டு வருவார்கள் என்பது பள்ளியில் பணியாற்றிய யாருக்கும் தெரியும்.

இனிச் செலவுகள். நான்கு வார அலகு ஒன்றுக்கு முன்கூட்டியே இரண்டு மூன்று சந்திப்புகள் வேண்டும். நடுவில் ஒருமுறையாவது உட்கார்ந்து போக்கைத் திருத்த வேண்டும். முடிந்தபின் எது வேலை செய்தது என்று எழுதி வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் கால அட்டவணையில் இல்லை. ஆசிரியருக்கும் நூலகருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளை ஒன்றுகூட இல்லாத பள்ளியில் இந்தச் சந்திப்புகள் மதிய இடைவேளையிலும் மாலையிலும் நடக்கும். இரண்டாம் அலகோடு நின்றும் போகும். இரண்டாவது செலவு மதிப்பு சார்ந்தது: தம் வகுப்பில் இன்னொருவர் கற்பிப்பதைத் தம் திறமை மீதான கேள்வியாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. யார் எதை நடத்துவது, யார் எதற்கு மதிப்பெண் இடுவது என்று தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இந்தச் சங்கடத்தில் பெரும்பகுதி எழாமலே போகும். மூன்றாவது செலவு வீச்சு: ஆண்டுக்கு மூன்று நான்கு அலகுகளுக்கு மேல் ஒரே நூலகரால் இந்த ஆழத்தில் செய்ய முடியாது. ஆறு வகுப்புகள் பயன்பெற்றால் பதினான்கு வகுப்புகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மிகுந்த ஆர்வம் காட்டுபவரைவிட, ஒரே வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பாடத்தை நடத்துபவர் நல்ல தொடக்கம். ஒருமுறை திட்டமிட்டால் எல்லாப் பிரிவுகளுக்கும் பயன்படும், இரண்டாம் பிரிவில் முதல் பிரிவின் குறைகளைத் திருத்தலாம். பொதுத்தேர்வு வகுப்பைத் தொட வேண்டாம்.

## வழி 4: பொது நூலகத்துடன் கூட்டு

பள்ளியின் சேகரிப்பு சிறியதாக இருந்தால், அருகிலுள்ள பொது நூலகம் எந்த ஆசிரியரைவிடவும் பெரிய துணை. அதைவிடப் பெரிய காரணம் விடுமுறை. பள்ளி நூலகம் பூட்டிக் கிடக்கும் நீண்ட விடுமுறையில் வாசிப்பு நின்றுபோகிறது. பார்பரா ஹெய்ன்ஸ் அட்லாண்டா நகர மாணவர்களைப் பற்றி 1978இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்குப் பொது நூலகம் அளித்த பங்கு வேறெந்தப் பொது நிறுவனத்தின் பங்கையும் விஞ்சியதாக எழுதினார். வகுப்பு முழுவதற்கும் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுப்பது அந்தக் காலத்துக்கான ஏற்பாடு.

அட்டை வாங்குவது கேட்பதற்கு எளிது. படிவம், பெற்றோர் கையொப்பம், முகவரிச் சான்று, தொலைந்த புத்தகத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு பருவத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். கடைசிக் கேள்வியை எழுத்தில் முடிவு செய்யாமல் தொடங்கினால், தண்டத்துக்குப் பயந்து புத்தகமே எடுக்க விடாத வீடுகள் வரும். அட்டை மிகவும் தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்த வீடுகளுக்கே.

அட்டையைவிடச் சிறிய, ஆனால் உடனே பலன் தரும் ஒரு வேலை உண்டு: ஒப்படைப்பு முன்னறிவிப்பு. தகவல் தேடல் ஆய்வாளர் மெலிசா கிராஸ் 1995 முதல் எழுதிவரும் கருத்து இது: பள்ளிப் பிள்ளை நூலகத்துக்குக் கொண்டுவரும் கேள்விகளில் பல அந்தப் பிள்ளையின் சொந்தக் கேள்விகள் அல்ல, வேறொருவர் கையில் கொடுத்தனுப்பியவை. "சுதந்திரம் பற்றிப் புத்தகம் வேண்டும்" என்று வந்து நிற்கும் பிள்ளையிடம் ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று பொது நூலகர் எப்படி அறிவார்? எந்த வகுப்பு, எந்தத் தலைப்பு, எத்தனை மாணவர்கள், எந்தத் தேதிக்குள், எந்த வகை ஆதாரங்கள் என்ற ஐந்து வரிகளைப் பள்ளி நூலகர் இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டால், நூற்றிருபது பிள்ளைகள் ஒரே மாலையில் ஒரே புத்தகத்துக்காக நிற்கும் காட்சி தவிரும். இதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

நடந்து போகும் தூரத்தில் பொது நூலகம் இல்லாத பள்ளிக்கு இந்த வழி பெருமளவு அடைபட்டதே. அங்கே மொத்த இரவல் ஏற்பாடு கிடைக்குமா என்று கேட்கலாம். ஆனால் புத்தகப் பெட்டி வந்து போவதற்கான வாகனமும் கணக்கும் நூலகரின் தலையில்தான் விழும்.

## வழி 5: பெற்றோரும் ஊராரும்

உற்சாகம் மிகுந்த வழி இதுதான். செலவைக் குறைத்து மதிப்பிடுவதும் இதில்தான். வாசித்துக் காட்ட வரும் பெற்றோர், தொழிலைப் பற்றிப் பேச வரும் ஊரார், மனிதரையே புத்தகமாக "இரவல்" தரும் நிகழ்ச்சி என்று வடிவங்கள் பல. மனித நூலகம் என்ற அந்தக் கடைசி வடிவம் 2000இல் டென்மார்க்கில் ராஸ்கில்டே இசை விழாவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. அச்சில் வராத அறிவு ஊரில் இருக்கிறது, அதை மாணவரின் முன் கொண்டுவர வேறு வழியில்லை என்பதே இந்த வழிக்கான உண்மையான நியாயம். நீர்நிலை ஒப்படைப்பில், அந்த நீர்நிலையை ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் முதியவர் ஒருவர் எந்தப் புத்தகத்தாலும் ஈடு செய்ய முடியாத ஆதாரம். ஆனால் கவனியுங்கள்: மாணவர்களிடம் கேட்பதற்குக் கேள்விகள் ஏற்கெனவே இருப்பதால்தான் அவர் ஆதாரமாகிறார். கேள்விகள் இல்லாத வகுப்பில் அவர் ஒரு சிறப்பு விருந்தினர், அவ்வளவுதான்.

செலவுகளைப் பார்ப்போம். பிள்ளைகளோடு பழக வரும் வெளியாட்களைச் சரிபார்ப்பது, அவர்கள் எப்போதும் பள்ளிப் பணியாளர் ஒருவரின் பார்வையில் இருப்பது ஆகியவை பேரம் பேசக் கூடாத நிபந்தனைகள். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். அவர்கள் வருகையில் ஒழுங்கு இருக்காது. பிள்ளை தேர்ச்சி பெற்று வெளியேறும்போது பெற்றோரும் வெளியேறுவார். இரவல் மேசையில் பெற்றோரை உட்கார வைத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன புத்தகம் எடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவரும். தன் உடலைப் பற்றியோ வீட்டுச் சிக்கலைப் பற்றியோ வாசிக்க நினைத்த பிள்ளை அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடும். பெற்றோர் உதவியை அடுக்குதல், புத்தகங்களுக்கு அட்டை போடுதல், வாசித்துக் காட்டுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புத்தக நன்கொடை இயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரும் மூட்டைகளில் பழைய பாடநூல்கள், காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், முதல் பாகம் இல்லாத தொகுதிகள் ஆகியவையே மிகுதி. அவற்றைப் பிரித்து நீக்குவதற்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால் இலவசம் என்ற பேச்சு எடுபடாது. எவை தேவை என்ற பட்டியலை வெளியிட்டு, அதிலிருந்து மட்டும் பெறுவதாக முன்கூட்டியே அறிவியுங்கள். மன வருத்தமும் குறையும்.

## எந்தச் சூழலுக்கு எது

பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகாத நூலகர் வழி 2இல் தொடங்கட்டும். ஆசிரியர்களையும் பாட ஓட்டத்தையும் அறிந்தவர், வழி 3க்கு ஒரே ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஓர் அலகைச் செய்யட்டும். அந்த அலகில் குறை தெரியும் இடத்தில் மட்டும் வழி 4ஐயும் வழி 5ஐயும் கொண்டுவரட்டும். இந்த வரிசை முக்கியம். வெளியாளை முதலில் அழைத்துவிட்டுப் பிறகு அவருக்கேற்ற பாடத்தைத் தேடும் பள்ளிகளே அதிகம். பாடத்துக்கு எது போதவில்லை என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுவதே முறை.

தொடக்கப் பள்ளி மட்டும் என்றால் வழி 1ஐ முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பொது நூலக அட்டைக்கு முயலுங்கள். முழுநேர நூலகர் இல்லாமல், ஓர் ஆசிரியரே கூடுதல் பொறுப்பாக நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் வழி 3ஐ அவர் தம் பாடத்திலேயே முதலில் செய்து பார்க்கலாம். மற்றவர்களோடு கூடுவதற்கான நேரம் அவரிடம் இல்லை. ஒப்படைப்பின் கேள்வியை மாற்றுவதற்கும், ஆதாரக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் ஒதுக்குவதற்கும் யாருடைய நேரமும் வேண்டியதில்லை.

தலைமை ஆசிரியரிடம் எதைக் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். புத்தகத்துக்கான நிதியைக் கேட்பதற்கு முன், குறிப்பிட்ட ஆசிரியருக்கும் நூலகருக்கும் வாரத்தில் ஒரு பொதுவான ஓய்வுப் பாடவேளையைக் கேளுங்கள். பதிலி வகுப்புகளுக்கு நூலகரை அனுப்பக் கூடாத இரண்டு பாடவேளைகளையும் கேளுங்கள். இவை செலவில்லாத கோரிக்கைகள். ஆண்டுத் தொடக்கத்தில் அட்டவணை போடப்படுவதற்கு முன் கேட்டால் கிடைக்கும்; போட்ட பிறகு கேட்டால் அடுத்த ஆண்டுதான்.

கடைசியாக, பதிவேட்டைப் பற்றி. இரண்டாம் பருவத்திலும் ஆசிரியர் திட்டமிடும் சந்திப்புக்கு வராமல், வகுப்பை மட்டும் அனுப்பிவைக்கிறார் என்றால், அதை இணைந்து கற்பித்தல் என்று எழுத வேண்டாம். கேட்டதைத் தேடித் தருதல் என்ற கணக்கில் வைத்து, அதற்குரிய நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சப்படும் திட்டமிடல் நேரத்தை அடுத்த ஆசிரியருக்குத் திருப்பிவிடுங்கள்.